அடைப்பு பிறக்கும் இடம்

ஐப்பசி மாதக் கடைசியில், இரண்டு நாள் விடாது பெய்த மழை ஓய்ந்து வானம் வெளுக்கத் தொடங்கிய ஒரு காலை வேளையில், தமிழ்நாட்டு நகரம் ஒன்றின் பழைய பேட்டையிலே, எதிரும் புதிருமாக இரண்டு ஆட்டோக்கள் வந்தால் ஒன்று பின்வாங்கியே தீர வேண்டிய குறுகலான தெரு ஒன்றில் நான் நின்றுகொண்டிருந்தேன். ஊர்ப்பெயரும் தெருப்பெயரும் வேண்டாம். பாதாளச் சாக்கடை உள்ள எந்த ஊரிலும் இந்தத் தெரு உண்டு. நடுத்தெருவில் இருந்த வட்டமான இரும்பு மூடி ஒரு விரற்கடை எழும்பி, அதன் விளிம்பைச் சுற்றிலும் கறுத்த ஜலம் கொப்பளித்துக்கொண்டிருந்தது. யாரோ ஒரு புண்ணியவான் வேப்பங்கிளையொன்றை ஒடித்து மூடியின் இடுக்கிலே செருகி, ஸ்கூட்டரில் வருகிறவர்கள் கண்டு விலகட்டும் என்று அதன் நுனியில் சிவப்புத் துணியும் கட்டியிருந்தார். பள்ளிக்கூடம் போகும் பிள்ளைகள் செங்கல்லுக்குச் செங்கல் தாவினார்கள். அந்த ஜலம் வந்து எட்டுவதற்கு ஒரு முழம் இப்பால், ஓர் அம்மாள் தம் வீட்டு வாசலைத் தெளித்துச் சிறிய கோலமொன்றைப் போட்டுவிட்டு, அது எத்தனை நாழிகை பிழைக்கும் என்று கணக்கிடுபவர் போல இடுப்பில் கைவைத்து நின்றார்.

ஒன்பது மணிக்கு ஜெட் ராடிங் வண்டி வந்தது. வந்த மூவரில் மூத்தவர், பொங்கிக்கொண்டிருந்த மூடியை ஏறெடுத்தும் பாராமல், தெருவின் தாழ்ந்த கோடியை நோக்கி நடந்து, ஒவ்வொரு மூடியாகக் கடப்பாரையால் நெம்பித் திறந்து உள்ளே எட்டிப் பார்த்துக்கொண்டே போனார். மூன்றாவது மூடியருகில் நின்று கையைக் காட்டினார். “மேல இருக்கிறது ரொம்பி வழியுது, இது காஞ்சு கிடக்குது. ரெண்டுக்கும் நடுவுலதான் சார் மாட்டிக்கிட்டிருக்கு” என்றார். நிரம்பிய குழிக்கும் வறண்ட குழிக்கும் இடையில் இருப்பதே அடைப்பு என்னும் இந்தத் தர்க்கத்தில் பிழை காண இடமில்லை. வறண்ட குழியின் வழியே குழாயை உள்ளே விட்டார்கள். அதன் முனையிலுள்ள துவாரங்கள் பின்புறமாக நீரைப் பீச்சி அடிக்க, அந்த உந்துதலாலேயே முனை தானாக ஊர்ந்து எதிர்த் திசையில் ஏறிச் சென்றது. ஏறக்குறைய அரை மணி நேரம் யந்திரம் முனகிக்கொண்டிருந்தது. பிறகு பூமிக்கடியில் யாரோ தொண்டையைக் கனைத்தது போல ஒரு சத்தம். பொங்கிய குழியில் ஜலம் சரசரவென்று இறங்கிற்று.

வாளியால் அள்ளி மேலே போட்டதைத் தெரு ஜனங்கள் மூக்கைப் பொத்திக்கொண்டு பார்த்தார்கள். சலவைச் சோப்பைப் போலக் கெட்டிப்பட்ட சாம்பல் நிறப் பாளங்கள். அவற்றில் சிக்கிய தேங்காய் நார், தலைமயிர், தேயிலைச் சக்கை, ஷாம்பூ உறைகள், மாதவிடாய்ப் பட்டைகள், ஒரு குழந்தையின் காலுறை. அடியில் இரண்டு கூடை மணல். “எங்க வீட்டிலேர்ந்து இதெல்லாம் போகாது” என்று ஒருவர் சொல்ல, மற்றவர்களும் அவ்வாறே சாட்சி சொன்னார்கள். திண்ணையில் உட்கார்ந்திருந்த கிழவி ஒருத்தி, “ஒருத்தரும் போடலையாம்; தானா முளைச்சுதாம்!” என்றாள்.

இந்தத் தெருவுக்கு எத்தனை நாளுக்கொரு தரம் வருவீர்கள் என்று மூத்தவரைக் கேட்டேன். “பொங்கினா வருவோம் சார்.” பொங்காவிட்டால்? அவர் என்னை வியப்போடு பார்த்தார். “பொங்கலேன்னா யாரு சார் கூப்பிடப் போறாங்க?”

இவ்வாரக் கட்டுரை முழுவதும் அந்த எதிர்க்கேள்வியைப் பற்றியதே.

சரிவு என்னும் சூத்திரம்

பாதாளச் சாக்கடையின் சாஸ்திரம் ஏறக்குறைய முழுவதும் சரிவு என்ற ஒரு சொல்லில் அடங்கிவிடும். குடிநீர்க் குழாயில் நீர் அழுத்தத்தால் ஓடுகிறது. கழிவுநீரோ, பாதி நிரம்பிய குழாயிலே, தன் பாரத்தால் தானே சரிந்து செல்ல வேண்டும். அப்படிச் செல்லும்போது நொடிக்குச் சுமார் 60 சென்டிமீட்டர் வேகமாவது இருந்தால்தான், அது சுமந்து வரும் மணலும் மலமும் அடியில் தங்காமல் கூடவே போகும். தன்னைத் தானே கழுவிக்கொள்ளும் வேகம் என்று பொறியாளர்கள் இதனைச் சொல்வார்கள். 200 மில்லிமீட்டர் விட்டமுள்ள குழாயில் இந்த வேகம் வாய்க்க, 1000 மீட்டர் நீளத்துக்கு 4 மீட்டர் இறக்கம் கொடுக்க வேண்டும். மலைச்சாரலில் உள்ள ஊருக்கு இது வரப்பிரசாதம். கையகலத் தாம்பாளம் போலச் சமதரையாகக் கிடக்கும் சென்னைக்கோ இது தீராத சங்கடம்: ஒரு கிலோமீட்டர் போவதற்குள் குழாய் இரண்டு ஆள் ஆழத்துக்கும் கீழே போய்விடுகிறது, ஆகவே ஆங்காங்கே உந்து நிலையங்களை வைத்து, கழிவுநீரை மேலே தூக்கி, மறுபடியும் சரியவிட்டு, மறுபடியும் தூக்கி, இப்படியாகக் கொடுங்கையூர், கோயம்பேடு, நெசப்பாக்கம், பெருங்குடி முதலிய சுத்திகரிப்பு நிலையங்கள் வரை அதனைக் கொண்டு சேர்க்க வேண்டியிருக்கிறது. சென்னையில் இத்தகைய உந்து நிலையங்கள் நூற்றுக்கணக்கில் உள்ளன. ஒன்றில் மோட்டார் நின்றாலும் அதற்கு மேல்புறத்துத் தெருக்கள் பொங்கும்.

இந்நகரத்தின் கழிவுநீர்த் திட்டம் விரிவான வடிவில் உருவானது 1910-ஐ ஒட்டிய ஆண்டுகளில். அக்காலத்தில் மாநகராட்சியின் சிறப்புப் பொறியாளராக இருந்த மேட்லி துரையின் பெயர் இதனோடு சேர்த்துச் சொல்லப்படும். அன்றைய நிர்மாணகர்த்தர்கள் அரை நூற்றாண்டுக்கு அப்பால் பார்வையைச் செலுத்தி, 1961-ல் ஜனத்தொகை 6.6 லட்சம் ஆகும் என்று மதிப்பிட்டுக் குழாயின் அளவுகளை நிர்ணயித்தார்கள். தீர்க்கதரிசனத்துக்கும் ஓர் எல்லை உண்டு. 1961-ல் எண்ணிப் பார்த்தபோது பதினேழு லட்சத்துக்கு மேற்பட்டவர்கள் இருந்தார்கள். நடுவிலே நகர எல்லை விரிந்ததும், கிராமங்களிலிருந்து ஜனங்கள் பிழைப்பைத் தேடி வந்ததும், அவர்களால் கணக்கிட்டிருக்கக் கூடிய விஷயங்கள் அல்ல. அவர்களைக் குறை கூறுவது தகாது. 1978-ல் சென்னைக் குடிநீர் வழங்கல் மற்றும் கழிவுநீரகற்று வாரியம் பிறந்து, ஜனங்களின் வாயில் ‘மெட்ரோ வாட்டர்’ ஆயிற்று. புதிய குழாய்கள் பல போடப்பட்டன. பழைய பேட்டைகளில் சிற்சில இடங்களில் பாட்டனார் காலத்துக் குழாய் இன்றும் உழைத்துக்கொண்டிருக்கிறது.

―――――――――――――――
கணக்கிலே சென்னை

1910-ஐ ஒட்டிய திட்டத்தில் தலைக்கு அனுமதிக்கப்பட்ட கழிவுநீர்: நாளொன்றுக்கு 25 காலன், அதாவது சுமார் 114 லிட்டர்.
1961-க்கு அவர்கள் மதிப்பிட்ட ஜனத்தொகை: 6.6 லட்சம். அவ்வாண்டு மக்கள் கணக்கெடுப்பில் இருந்தது: 17.29 லட்சம்.
2011-ல் பழைய எல்லைக்குள் மட்டும்: 46.46 லட்சம்.
அதே ஆண்டு 9 நகராட்சிகளும் 8 பேரூராட்சிகளும் 25 ஊராட்சிகளும் சேர்க்கப்பட்டு, மாநகராட்சியின் விஸ்தீரணம் 426 சதுர கிலோமீட்டர் ஆயிற்று.
புகார் சொல்ல: 1916.
―――――――――――――――

எண்ணெய் உறையாத ஊரில் எண்ணெய் எப்படி உறைகிறது?

லண்டன் மாநகரத்தில், ஒயிட்சாப்பல் என்ற பகுதியில், 2017-ல் பாதாளச் சாக்கடைக்குள் 250 மீட்டர் நீளமும் 130 டன் எடையும் உள்ள கொழுப்புப் பாறை ஒன்றைக் கண்டெடுத்து, அதனை உடைத்தெடுக்க வாரக்கணக்கில் பாடுபட்டு, அதன் ஒரு துண்டத்தை மறு ஆண்டு அருங்காட்சியகத்திலே கண்ணாடிப் பெட்டிக்குள் வைத்தார்கள். ஜனங்கள் அதனை வரிசையில் நின்று பார்த்தார்களாம். இந்தச் செய்தியை நம்மவர் ஒருவரிடம் சொன்னபோது, “அது குளிர் தேசம், அங்கே கொழுப்பு உறையும், நம் ஊர் வெயிலில் நல்லெண்ணெயும் கடலையெண்ணெயும் எங்கே உறையப் போகிறது?” என்றார். நியாயமான ஆட்சேபம்; ஆனால் அந்தத் தெருவில் நான் கண்ட சாம்பல் நிறப் பாளம் எங்கிருந்து வந்தது?

விடை ரசாயனத்தில் இருக்கிறது. அந்தப் பாளத்தில் உறைந்த எண்ணெயைக் காட்டிலும் சோப்பே அதிகம். வடையும் பஜ்ஜியும் திரும்பத் திரும்பப் பொரித்த எண்ணெய் சிதைந்து, அதிலிருந்து கொழுப்பு அமிலங்கள் பிரிகின்றன. சிமெண்டுக் குழாயின் சுவரிலும், நம் ஆழ்துளைக் கிணற்றின் உப்பு நீரிலும் சுண்ணாம்புச் சத்து தாராளமாக உண்டு. இரண்டும் கூடினால் உண்டாவது ஒருவகைச் சோப்பு: நம் வீட்டுச் சோப்பைப் போல நீரில் கரைவதன்று, கல்லைப் போல இறுகுவது. பாட்டிமார் காலத்திலே அடுப்புச் சாம்பலும் எண்ணெய்ப் பிசுக்கும் சேர்ந்து பாத்திரத்தில் வழுவழுத்ததை நினைத்துப் பார்த்தால் விளங்கும். உஷ்ணத்துக்கும் இதற்கும் அவ்வளவாகச் சம்பந்தம் இல்லை. சித்திரை மாதத்திலும் அது தன் காரியத்தைப் பார்த்துக்கொண்டேயிருக்கும்.

கொதிக்கும் வெந்நீரை ஊற்றினால் போய்விடும் என்பது இல்லத்தரசிகளின் பரம்பரை நம்பிக்கை. போகும், நம் வீட்டுக் குழாயைத் தாண்டி, தெருக் குழாயில் சூடு ஆறும் இடம்வரை போகும். பாத்திரம் துலக்கும் திரவமும் அவ்விதமே கொஞ்ச தூரம் எண்ணெயைத் துகள் துகளாக்கிக் கொண்டு சென்று, பிறகு கைவிட்டுவிடும். அடைப்பு நமக்கு அல்லாமல் நான்கு வீடு தள்ளியிருப்பவருக்கு ஏற்படுகிறது என்பதே இதன் முழுப் பலன்.

எண்ணெய் பசை என்றால், மற்றவை அதில் ஒட்டும் சரக்கு. கழிப்பறைக் காகிதம் நீரில் கரைந்து நார்நாராகிவிடும். குழந்தைகளுக்குத் துடைக்கும் ஈரத்துணியோ பெரும்பாலும் பிளாஸ்டிக் இழைகளால் ஆனபடியால், எத்தனை நாள் ஊறினாலும் துணியாகவே இருந்து ஒன்றோடொன்று முறுக்கிக் கயிறாகும். மாதவிடாய்ப் பட்டையின் உள்ளே இருக்கும் பொருள் தன் கனத்தைப் போலப் பல மடங்கு நீரை உறிஞ்சி ஊதிப் பெருப்பதற்கென்றே தயாரானது. 150 மில்லிமீட்டர் குழாய்க்குள் அது தன் கடமையைச் செவ்வனே செய்கிறது. அதனைக் காகிதத்தில் சுற்றிக் குப்பையில் போட வீட்டிலோ விடுதியிலோ பள்ளிக்கூடத்திலோ மறைவான ஒரு கூடை வைக்காதவர்கள், கழிப்பறையில் போட்டுவிட்ட பெண்ணைக் கடிந்துகொள்வது எந்த விதத்திலும் நியாயமாகாது.

இவற்றுக்கு மேல் கட்டடம் கட்டுகிறவர்கள் இருக்கிறார்கள். கலவைச் சட்டிகளைக் கழுவிய சிமெண்டுத் தண்ணீரை அருகிலுள்ள மூடியைத் திறந்து ஊற்றிவிட்டுப் போகிறார்கள். எண்ணெய்ச் சோப்பையாவது பீச்சும் நீர் உடைக்கும். குழாய்க்குள் இறுகிய சிமெண்டை உடைக்கத் தெருவையே வெட்ட வேண்டும்.

―――――――――――――――
சமையலறையிலிருந்து தெருவுக்கு

பொரித்து மிஞ்சிய எண்ணெயை ஆறவைத்துப் பாட்டிலில் சேர்த்துக் கொடுத்தால், வாங்கி டீசலுக்கு மாற்றாக எரிபொருள் செய்கிறவர்கள் இருக்கிறார்கள். இந்திய உணவுப் பாதுகாப்பு ஆணையம் இதற்கென்றே 2018-ல் ஒரு திட்டத்தைத் தொடங்கியது. சிதைவுப் பொருள்கள் 25 சதவிகிதத்தைத் தாண்டிய எண்ணெயில் மறுபடி பொரிக்கக் கூடாது என்பதும் அவர்கள் விதி.

உணவு விடுதிகளில் எண்ணெய்ப் பொறி என்ற தொட்டி வைப்பது வழக்கம். கழுவிய நீர் அதில் நிதானமாக நிற்கும்போது எண்ணெய் மேலே மிதந்து தங்கும், நீர் மட்டும் அடியால் வெளியேறும். தொட்டி இருப்பது போதாது, அள்ளவும் வேண்டும். நிரம்பிய தொட்டி வெறும் குழாய்க்குச் சமானம்.

பாத்திரத்தைக் கழுவுமுன் ஒரு பழைய காகிதத்தால் துடைப்பது, மேற்சொன்ன எல்லாவற்றிலும் மலிவானது.
―――――――――――――――

மழையிலும் நோய், வறட்சியிலும் நோய்

சென்னையில் மழைநீருக்கு ஒரு வழி, கழிவுநீருக்கு ஒரு வழி. முன்னது மாநகராட்சியின் பொறுப்பு, பின்னது வாரியத்தின் பொறுப்பு. ஏட்டிலே இரண்டும் சந்திப்பதில்லை. தெருவிலே சந்திக்கின்றன. வீட்டு மாடியின் மழைநீர்க் குழாயைக் கழிவுநீர்த் தொட்டியில் இணைத்துவிடுகிறவர்கள் ஒரு பக்கம். இணைப்புக் கட்டணத்துக்கு அஞ்சிக் கழிவுநீரை மழைநீர்க் கால்வாயில் திருப்பிவிடுகிறவர்கள் மறுபக்கம். முன்னவரால் தெரு பொங்குகிறது. பின்னவரால் கூவமும் அடையாறும் பக்கிங்காம் கால்வாயும் இன்றைய ஸ்திதியை அடைந்தன. முழங்கால் வெள்ளம் வந்துவிட்டால், பரோபகார சிந்தையுள்ள யாராவது ஒருவர் கடப்பாரையுடன் புறப்பட்டுச் சாக்கடை மூடியைத் திறந்துவிடுவார். வெள்ளம் சுழித்துக்கொண்டு இறங்கும். தெருவெல்லாம் அவரைக் கொண்டாடும். தெருவின் மணலும் குப்பையும் அத்துடன் இறங்கி, அடுத்த மாதத்து அடைப்புக்கு அஸ்திவாரமாவதையும், தாழ்ந்த தெருக்களில் உள்ளவர்களின் குளியலறைத் துவாரம் வழியாக அதே நீர் எழும்பி வருவதையும் அவர் அறியார். திறந்த மூடி நீருக்கடியில் மறைந்து, அந்த வழியே நடக்கிறவனை விழுங்கிவிடும் அபாயம் வேறு.

வறட்சியிலும் இதற்குச் சுகமில்லை. 2019 கோடையில் ஏரிகள் வறண்டு, சென்னைவாசிகள் குடத்துடன் லாரிக்குக் காத்திருந்தார்களே, அத்தகைய காலத்தில் வீடுகளிலிருந்து வெளியேறும் நீர் குறைந்துவிடும். வெளியேறும் மலம் குறையாது. குழாயில் வேகம் போய்விடும், வண்டல் படியும்.

குடிநீரும் கழிவுநீரும் ஒரே தெருவின் கீழே அடுத்தடுத்துப் போவதால், இதன் விளைவு நாற்றத்தோடு நின்றுவிடுவதில்லை. நாள் முழுவதும் குடிநீர் ஓடும் குழாயில் உள்ளிருந்து வெளியே அழுத்தம் இருக்கும். இரண்டு மணி நேரம் வந்து நின்றுவிடும் குழாயிலோ, நின்ற நேரத்தில் உள்ளே வெற்றிடம் உண்டாகி, விரிசல் வழியே சுற்றிலும் ஊறிக் கிடப்பதை உறிஞ்சிக்கொள்ளும். பொங்கிய சாக்கடைக்கும், சில நாள் கழித்து அதே தெருவில் பரவும் பேதிக்கும் மஞ்சள் காமாலைக்கும் உள்ள சம்பந்தம் இதுவே.

‘விஷவாயு தாக்கி’

நம் பத்திரிகைகளில், நானும் எழுதியிருக்கிறபடியால் நம் பத்திரிகைகள் என்றே சொல்கிறேன், வருஷந்தோறும் ஒரே வாசகத்தில் வெளியாகும் செய்தி ஒன்று உண்டு: விஷவாயு தாக்கி இருவர் பலி. இந்த வாக்கியத்தில் தாக்கியது வாயு, செத்தவர் இருவர், மூன்றாமவர் எவரும் இல்லை. வாயு தன் வீட்டைவிட்டுப் புறப்பட்டு அவர்களைத் தேடி வந்து தாக்கியது போல இருக்கிறது. உள்ளே இறங்கச் சொன்னவர் யார், எத்தனை ரூபாய் தருவதாகச் சொன்னார், யந்திரத்தை ஏன் அழைக்கவில்லை என்ற கேள்விகளுக்கு அந்த இலக்கணத்தில் இடமே கிடையாது.

வாயு எங்கே இருந்தது என்று பார்ப்போம். ஓட்டம் நின்று கழிவுநீர் தேங்கினால், அதிலுள்ள பிராணவாயு தீர்ந்துபோகிறது. பிராணவாயு இன்றி வாழும் நுண்ணுயிர்கள், நீரிலுள்ள கந்தக உப்புகளை உண்டு ஹைட்ரஜன் சல்பைடு என்ற வாயுவை வெளியிடுகின்றன. அழுகிய முட்டையின் நாற்றம் உடையது, காற்றைவிடக் கனமானது, ஆகவே குழியின் அடியில் தங்கும். மேலும் அது வண்டலுக்குள்ளும் அடைபட்டுக் கிடக்கிறது. மூடியைத் திறந்து ஒரு மணி நேரம் காற்றாட விட்ட பிறகும், இறங்கியவன் வண்டலைக் கிளறும் அந்தக் கணத்தில்தான், குமிழிகளாக அது விடுபட்டு முகத்துக்கு நேரே எழுகிறது. அடைப்பை எடுக்கிற செயலே வாயுவை எழுப்புகிற செயலாகவும் இருப்பதை, இறங்கச் சொல்லுகிறவர்கள் அறிவதில்லை.

இதைவிடக் கொடிய சூழ்ச்சி ஒன்று அந்த வாயுவுக்கு உண்டு. பத்து லட்சம் பங்கு காற்றில் ஒரு பங்குகூட இல்லாதபோதே நாற்றத்தால் தன்னை அறிவித்துவிடும் அது, 100 பங்கு ஆனதும் மூக்கின் உணர்வை மழுங்க அடித்துவிடுகிறது. நாற்றம் போய்விட்டது, இனி பயமில்லை என்று அவன் நினைக்கிற நேரம்தான் பயப்பட வேண்டிய நேரம். 700-ஐத் தாண்டினால் ஒன்றிரண்டு மூச்சிலேயே நினைவு தப்பி விழுவான். கூப்பிடவும் அவகாசமில்லை. மேலே நிற்பவன் அண்ணனோ மைத்துனனோ நண்பனோ ஆனபடியால், அவன் விழுந்ததைக் கண்டு யோசியாமல் தானும் இறங்குகிறான். அந்தத் தலைப்பில் ‘இருவர்’, ‘மூவர்’ என்று வருவது இதனால்தான்.

எரிகிற காகிதத்தைக் குழிக்குள் போட்டுப் பார்ப்பது, கரப்பான் பூச்சி உயிரோடு ஊர்கிறதா என்று கவனிப்பது, உடம்பெல்லாம் எண்ணெய் பூசிக்கொள்வது, நாற்றம் தாங்க ஒரு வாய் சாராயம் குடிப்பது என்றெல்லாம் தொழிலாளர்கள் தமக்குத் தாமே சில காப்புகளைச் செய்துகொண்டார்கள். நெருப்பு எரிந்தால் பிராணவாயு இருக்கிறது என்று தெரியும். ஹைட்ரஜன் சல்பைடு இல்லை என்று தெரியாது. மீத்தேன் இருந்தால் குழியே வெடிக்கும். பல பேர் மாண்டு சேர்த்த அனுபவம்தான் அது. ஆனாலும் விஷத்தை அளக்கும் சிறு கருவியொன்று சொல்வதை அதனால் சொல்ல முடியாது.

இந்தக் குழிகளில் இறங்குகிறவர்கள் எந்தச் சாதியார் என்று சொல்லாமல் இந்த விஷயத்தை எழுதினால் அது பாதி உண்மை. தமிழ்நாட்டில் அவர்கள் பெரும்பாலும் தாழ்த்தப்பட்ட வகுப்பினர், அவர்களிலும் அருந்ததியர் அதிகம். இதனைத் தொழிற்பிரச்சினையாக மட்டும் பார்க்கக் கூடாது, பிறப்பின் பேரால் சுமத்தப்பட்ட அநீதியாகவே பார்க்க வேண்டும் என்று இடைவிடாது வாதாடிவந்த பெசவாடா வில்சனுக்கு 2016-ல் மகசேசே விருது கிடைத்தது. இறப்புகள் அதனால் நின்றுவிடவில்லை. அவற்றில் கணிசமானவை தெருச் சாக்கடையில் நேர்வதுமில்லை; அடுக்குமாடி வீடுகளிலும் விடுதிகளிலும் உள்ள கழிவுநீர்த் தொட்டிகளில், ஞாயிற்றுக்கிழமை காலையில், பேரம் பேசி அழைத்துவந்த இரண்டு பேர் இறங்கும்போது நேர்கின்றன. கூப்பிட்டவர்கள் கொடியவர்கள் அல்லர். அவர்கள் வீட்டில் சாக்கடை பொங்கிவிட்டது, விருந்தாளிகள் வந்திருக்கிறார்கள், யந்திரம் மறுநாள்தான் வரும் என்றார்கள். அவசரம், அவ்வளவுதான்.

―――――――――――――――
சட்டம் சொல்வது

மனிதர் மலம் அள்ளுவதைத் தடுக்கும் முதல் மத்தியச் சட்டம் 1993-ல் வந்தது. 2013-ல் வந்த புதிய சட்டம், தக்க பாதுகாப்பின்றிச் சாக்கடைகளையும் கழிவுநீர்த் தொட்டிகளையும் சுத்தம் செய்ய ஆளை இறக்குவதையும் குற்றமாக்கியது. முதல் முறை 2 ஆண்டு வரை சிறை அல்லது 2 லட்சம் ரூபாய் வரை அபராதம் அல்லது இரண்டும். மறுமுறையானால் 5 ஆண்டு வரை சிறை அல்லது 5 லட்சம் வரை அபராதம் அல்லது இரண்டும்.

1993 முதல் இவ்விதம் இறந்தோரின் குடும்பங்களுக்குத் தலா 10 லட்சம் ரூபாய் என்று 2014 மார்ச்சில் உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது. 2023 அக்டோபரில் அதனை 30 லட்சமாக உயர்த்தியது.

வீட்டுச் சொந்தக்காரரும் இச்சட்டத்துக்கு உட்பட்டவரே. ஒப்பந்தக்காரரை நியமித்தேன் என்பது விடையாகாது.
―――――――――――――――

யந்திரம் நுழையாத சந்து

யந்திரங்கள் வந்துவிட்டன. லாரியின் மேல் பெரிய தொட்டியும் பீச்சும் குழாயும் பொருத்திய வண்டி, மணலைக் கவ்வி எடுக்கும் வாளி யந்திரம், உறிஞ்சி எடுக்கும் வண்டி, உள்ளே ஊர்ந்து படமெடுக்கும் கேமரா என்று வகை வகையாக உண்டு. ஆனால் யந்திரத்தை வாங்கியவர்கள் தெருவின் அகலத்தை அளந்து வாங்குவதில்லை. பெரிய லாரி நுழையாத சந்துகளில்தான் குழாயும் பழையது, ஜனமும் நெருக்கம், அடைப்பும் அதிகம். அங்கே இன்னமும் மூங்கில் பிளாச்சே யந்திரம். ஹைதராபாத் நகரத்தார் இதனைக் கண்டுகொண்டு, 2017-ல் குறுகிய சந்துகளிலும் செல்லத்தக்க சிறிய வண்டிகள் 70-ஐ இறக்கினார்கள். 2019-ல் தில்லியில் 200 வண்டிகள் இயங்கத் தொடங்கின. இவற்றைச் சர்க்கார் வாங்கிச் சிப்பந்திகளிடம் கொடுப்பதற்குப் பதிலாக, இந்தத் தொழிலிலும் இந்தச் சமூகங்களிலும் உள்ளவர்களையே கடனுதவியால் வண்டியின் சொந்தக்காரர்களாக்க முயன்றது இதில் போற்றத்தக்க விசேஷம். தமிழ்நாட்டிலும் அதே வழியில் முயற்சி நடக்கிறது.

கேரளத்து இளம் பொறியாளர் சிலர், குழிக்குள் நான்கு கால்களை விரித்து இறங்கி, கையால் குப்பையை அள்ளி மேலே கொண்டுவரும் ரோபோ ஒன்றைச் செய்து, 2018-ல் திருவனந்தபுரத்தில் பணியில் ஈடுபடுத்தினார்கள். நம் கும்பகோணத்துக்கும் அது வந்து சேர்ந்தது. அதற்கு ‘பாண்டிகூட்’ என்று பெயர். பெருச்சாளியைக் குறிக்கும் தெலுங்குச் சொல்லான பந்திகொக்கு, வெள்ளைக்காரர் வாயில் புகுந்து இங்கிலீஷாகி, இப்போது ரோபோவின் பெயராகத் தெற்கே திரும்பி வந்திருக்கிறது. சாக்கடைக்குள் இறங்கும் பிராணிக்கு இதைவிடப் பொருத்தமான பெயர் யாருக்கும் அகப்பட்டிராது.

பொங்காத தெருவின் பெருமை

ஆயினும் யந்திரத்தைப் பற்றிய பேச்சிலே ஒரு மயக்கம் இருக்கிறது. எத்தனை நேர்த்தியான வண்டியானாலும், பொங்கிய பிறகே வருமானால், அது அவசரத்தில்தான் வருகிறது. வண்டி வர நேரமாகும் அந்த இடைவெளியில்தான் யாராவது ஒருவர் ஆளை இறக்குகிறார். ஆகவே உயிரைக் காப்பது யந்திரத்தைக் காட்டிலும் நாட்காட்டி. எந்த லைன் எத்தனை மாதத்துக்கொரு தரம் அடைகிறது என்று குறித்து வைத்து, அதற்குப் பத்து நாள் முன்பே போய்க் கழுவிவிட்டால், அங்கே வண்டல் சேராது, வாயு பிறக்காது, புகார் வராது. குழாயின் மேற்கூரையும் பிழைக்கும்: இல்லாவிட்டால், ஹைட்ரஜன் சல்பைடு குழாயின் ஈரமான கூரையில் ஒட்டி, வேறொரு நுண்ணுயிரால் கந்தக அமிலமாகி, சிமெண்டை வருஷக்கணக்கில் அரித்து, ஒரு நாள் பஸ் போகும்போது சாலையே உள்வாங்கும். அப்போது ‘திடீர்ப் பள்ளம்’ என்று தலைப்பிடுகிறோம். இருபது வருஷமாக அரித்த பள்ளத்தைத் திடீரென்று சொல்வது, விஷவாயு தாக்கியது என்று சொல்வதற்குத் தம்பி முறை.

இடையூறு என்னவென்றால், பொங்காத தெருவுக்குக் கணக்கு கிடையாது. எத்தனை புகார் வந்தது, எத்தனை தீர்க்கப்பட்டது என்று எந்த ஸ்தாபனமும் அறிக்கை தரலாம். வராமற்போன புகாருக்கு எந்தப் பத்தியில் எண் போடுவது? ஒரே மூடி ஆண்டில் எட்டுத் தரம் பொங்கி எட்டுத் தரமும் சரிசெய்யப்பட்டால், ஏட்டிலே அது எட்டு வெற்றியாக நிற்கிறது. அங்கே குழாய் அமிழ்ந்து பள்ளம் விழுந்திருக்கலாம். அரசமரத்து வேர் மூட்டைப் பிளந்து நுழைந்திருக்கலாம். மேலே ஓர் உணவு விடுதியின் எண்ணெய்ப் பொறி அள்ளப்படாமல் இருக்கலாம். ஒரு கேமராவை உள்ளே அனுப்பினால் காரணம் தெரிந்துவிடும். எட்டுத் தரம் வண்டியை அனுப்புவதைவிட அது சிக்கனமும் ஆகும். ஆனால் எட்டும் எட்டுத் தனித்தனிப் புகார்களாகக் கிடக்கிறபோது, அவை ஒரே ரோகத்தின் எட்டுக் காய்ச்சல்கள் என்று யாருக்குத் தோன்றும்?

அன்று காலை எனக்கு இதற்கு விடை கிடைத்தது. வேலை முடிந்து, சுண்ணாம்புத் தூளைத் தூவி, வேப்பங்கிளையைப் பிடுங்கி எறிந்து, மூடியைக் காலால் தள்ளிப் பொருத்திய பின், அந்த மூத்தவர் தரையில் கிடந்த செங்கல் துண்டு ஒன்றை எடுத்துக்கொண்டு, எதிர்வீட்டு மதிலின் கீழ்ப்புறத்திலே குனிந்து அன்றைய தேதியை எழுதினார்: நவம்பர் 14. அதற்கு மேல் ஏற்கெனவே நான்கு தேதிகள் இருந்தன. அக்டோபர் 6. ஆகஸ்ட் 27. ஜூலை 16. எல்லாவற்றுக்கும் மேலே, மழையில் பாதி கரைந்து, ஜூன் 3.

நான் மனத்துக்குள் நாட்களை எண்ணிக்கொண்டிருந்ததை அவர் கவனித்திருக்க வேண்டும். வண்டியில் ஏறிக்கொண்டே சொன்னார்: “மார்கழி பொறந்து பத்து நாள் தாண்டாது சார். மறுபடி இங்கதான் நிப்போம்.”